வடிகால் கட்டியும் தெருவில் தண்ணீர் நிற்கிறது, புகார் மட்டும் ‘முடிந்தது’: யாரிடம், எதை, எப்படிக் கேட்பது? (சென்னை)

வார்டுவாசி

வடிகால் இல்லாத காலத்தில் தெருவில் தண்ணீர் நின்றது. வடிகால் கட்டிய பிறகும் பல தெருக்களில் அதே இடத்தில்தான் நிற்கிறது. மாநகராட்சியின் உதவி எண் 1913-க்குப் போன் போட்டால் புகார் எண் தருகிறார்கள், மோட்டார் வைத்து இறைக்கிறார்கள், மறுநாள் ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று மெசேஜ் வருகிறது. அடுத்த மழைக்கு மறுபடி முதலிலிருந்து. கவுன்சிலரைக் கேட்டால் ‘ஏ.இ.கிட்ட சொல்லியாச்சு’. உதவிப் பொறியாளரான அந்த ஏ.இ.யைக் கேட்டால் ‘அது மெட்ரோ வாட்டர்’. மெட்ரோ வாட்டரில் கேட்டால் ‘அது கார்ப்பரேஷன்’. 2022 ஏப்ரலில் சொத்து வரியை 25 முதல் 150 சதவீதம் வரை ஏற்றியபோது மட்டும் யாருக்கும் இந்தக் குழப்பம் வரவில்லை.

திட்டித் தீர்க்கும் இழைகள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. எந்த வேலை யாருடையது, வேலை சரியாக நடந்ததா என்று சாதாரண ஆள் எப்படிக் கண்டுபிடிப்பது, எந்தத் தாளைக் கேட்டால் பதில் சொல்லியே தீர வேண்டும்? தெரிந்தவர்கள் விவரமாக எழுதுங்கள்.

மட்டப்பலகை

முதலில் மட்டம். ‘தண்ணி நிக்குது’ என்று சொன்னால் மோட்டார்தான் வரும். ‘தண்ணீர் நிற்கும் இடம் வடிகாலின் வாயைவிட 8 சென்டிமீட்டர் பள்ளம்’ என்று எழுதிக் கொடுத்தால் அதற்கு மோட்டார் பதில் ஆகாது.

கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். அரை இஞ்ச் கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் குழாய், 15 மீட்டர். வாளியை உயரத்தில் வைத்து மெதுவாக நிரப்புங்கள். உள்ளே ஒரு காற்றுக்குமிழ் இருந்தாலும் அளவு பொய் சொல்லும். நிரப்பியதும் இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள், இரண்டிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் குமிழ் இருக்கிறது, அல்லது குழாய் எங்கோ மடிந்திருக்கிறது. சரியானதும் ஒருவர் ஒரு முனையை வடிகாலுக்குள் தண்ணீர் இறங்கும் திறப்பில் பிடிக்க வேண்டும், இன்னொருவர் தெருவின் பள்ளமான இடத்தில். நடக்கும்போது முனையைக் கட்டைவிரலால் மூடிக்கொள்ளுங்கள், அளக்கும்போது இரண்டு பேரும் விரலை எடுத்துவிட வேண்டும். நிறைய பேர் தவறுவது இங்கேதான். தண்ணீர் மட்டத்திலிருந்து தரை வரை டேப் வைத்து அளந்தால் திறப்பில் 120 செ.மீ., பள்ளத்தில் 128 செ.மீ. என்று வரலாம். அப்படியென்றால் அங்கே 8 செ.மீ. தண்ணீர் எப்போதும் நிற்கும். வடிகாலை எத்தனை முறை தூர் வாரினாலும் நிற்கும்.

இது நடப்பதற்குக் காரணம், பல இடங்களில் வடிகாலின் மேல்மூடி சாலையைவிட உயரமாக அமைந்துவிடுகிறது. பிற்காலத்தில் சாலை உயரும் என்ற கணக்கில் அப்படிக் கட்டுகிறார்கள். சாலையை உயர்த்தினால் வீடுகள் பள்ளமாகும், உயர்த்தாவிட்டால் தண்ணீர் உள்ளே போகாது. எப்படிப் போனாலும் அடி குடியிருப்பவருக்குத்தான்.

அடுத்து, மழை விட்டு ஒரு நாள் கழித்து, வடிகாலில் மண் தங்குவதற்காக இருக்கும் வண்டல் தொட்டியின் மூடி இடைவெளி வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். மூடியைத் திறக்க வேண்டாம். தெரு காய்ந்த பிறகும் வடிகாலுக்குள் பாதி உயரத்துக்குத் தண்ணீர் அசையாமல் கிடந்தால் சரிவு இல்லை, அல்லது முடிவில் அடைப்பு, அல்லது அந்த வடிகால் எதோடும் இணைக்கப்படவே இல்லை. 500-க்கு 1 என்ற சரிவு வைத்தால்கூட 200 மீட்டர் வடிகாலின் இரண்டு முனைகளுக்கும் 40 செ.மீ. வித்தியாசம் இருக்க வேண்டும். வரைபடத்தில் அது இருக்கும். தரையில் நடுவே ஒரு மின்கேபிளோ குடிநீர்க் குழாயோ குறுக்கிட்டதும் அதற்கு மேல் தூக்கிக் கட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

கரையோரம்

மட்டப்பலகை சார் சொன்னதோடு ஒரு கணக்கு. மணிக்கு 50 மி.மீ. மழை என்றால் ஒரு ஹெக்டேரில், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கரில், ஒரு மணி நேரத்தில் 500 கன மீட்டர் தண்ணீர் விழுகிறது. ஐந்து லட்சம் லிட்டர். கான்கிரீட்டும் தாருமாக இருக்கும் இடத்தில் பெரும்பகுதி அப்படியே ஓடிவரும். நொடிக்கு ஏறத்தாழ 139 லிட்டர். தெருமுனையில் வைக்கும் ஒரு மோட்டார் இதை என்ன செய்யும்? மழை விட்ட பிறகு மிச்சத்தை இறைக்கும், அவ்வளவுதான்.

உங்கள் வடிகால் எங்கே போய் முடிகிறது என்று தெரியாமல் பேசக் கூடாது. தெரு வடிகால், பெரிய வடிகால், கால்வாய், ஆறு, கடல். பக்கிங்காம் கால்வாயும் ஏரிகளும் ஆறுகளும் நீர்வளத் துறையிடம். தெரு வடிகால் மாநகராட்சியிடம். கழிவுநீர்க் குழாயும் அதன் மேன்ஹோலும் 1978-இல் அமைக்கப்பட்ட குடிநீர், கழிவுநீர் அகற்று வாரியத்திடம், நாம் மெட்ரோ வாட்டர் என்கிறோமே அது. அண்ணா சாலை போன்றவை நெடுஞ்சாலைத் துறையிடம். மெட்ரோ ரயில் வேலை நடக்கும் நீளத்தில் தடுப்புக்குள் இருப்பது அந்த நிறுவனத்தின் பொறுப்பு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கடல்மட்டமும் உயர்ந்திருந்ததால் ஆறுகளே தண்ணீரை வாங்கவில்லை. அந்த மாதிரி நாளில் நல்ல வடிகாலும் பின்னுக்குத் தள்ளும். சாதாரண ஒரு மணி நேர மழைக்கே நிற்கும் தெருவுக்கு அந்தக் காரணத்தைச் சொல்ல விடாதீர்கள்.

இன்னொன்று, கசப்பாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். மழையே இல்லாத நாளில் காலை ஆறு மணிக்கு மேல் மழைநீர் வடிகாலில் தண்ணீர் ஓடினால் அது வீடுகளிலிருந்து வரும் கழிவுநீர். அடுக்குமாடியின் பின்பக்கத்திலிருந்து ராத்திரியோடு ராத்திரியாகக் குழாய் போட்டு இணைத்துவிடுகிறார்கள். எண்ணெய்ப் படலமும் துணியும் நாப்கினும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். அந்தத் தெருவாசிகளே மழைக்காலத்தில் கார்ப்பரேஷனைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

வார்டுவாசி

ஏற்கிறேன். ஆனால் திருட்டு இணைப்பைக் கண்டுபிடிப்பது யார் வேலை?

கரையோரம்

வடிகால் மாநகராட்சியுடையது, அதனால் இணைப்பைத் துண்டிப்பது அவர்கள். அந்த வீட்டுக்கு முறையான கழிவுநீர் இணைப்பு கொடுப்பது வாரியம். இரண்டு பேரும் ஒரே நாளில் வராவிட்டால் துண்டித்த குழாய் ஒரு வாரத்தில் திரும்ப வந்துவிடும். ஆகவே புகாரை இரண்டு இடத்திலும் கொடுத்து, ஒன்றின் எண்ணை மற்றதில் குறிப்பிட்டு ‘கூட்டு ஆய்வு’ கேளுங்கள். சந்தேகப்படும் வீட்டுக் கழிவறையில் நிறப்பொடி கரைத்து ஊற்றி, வடிகாலில் நிறம் வருகிறதா என்று பார்ப்பது அவர்கள் வழக்கமாகச் செய்யும் சோதனைதான்.

காலைஷிப்ட்

அடைப்பு என்று புகார் கொடுப்பதற்கு முன் எல்லோரும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அவசரம் என்று நெருக்கும்போது எங்கோ ஒரு மேற்பார்வையாளர் ஒரு மனிதரை உள்ளே இறக்குகிறார். கழிவுநீர்த் தொட்டியிலும் சாக்கடையிலும் பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளும் வேலையில் ஆளை அமர்த்துவதைத் தடுக்கும் 2013 சட்டத்தின் 7-ஆம் பிரிவுப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாநகராட்சிக்கு மட்டும் இல்லை, தன் வீட்டு செப்டிக் டேங்குக்கு ஆள் கூப்பிடும் வீட்டுக்காரருக்கும் அதே சட்டம்தான். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது.

ஏன் சாகிறார்கள்? ஹைட்ரஜன் சல்பைடு. குறைவாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் இல்லை, இறங்கலாம் என்று நினைப்பவர் அங்கேயே விழுகிறார். அவரைத் தூக்க இறங்குபவரும் விழுகிறார். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழக்கம் இன்னும் மோசம், மீத்தேன் இருந்தால் வெடிக்கும். புகார் எழுதும்போதே ‘ஜெட்ராடிங் அல்லது சூப்பர் சக்கர் இயந்திரம் கொண்டு’ என்று சேர்த்து எழுதுங்கள். முதலாவது அழுத்தமாக நீர் பாய்ச்சி அடைப்பை எடுக்கும், இரண்டாவது உறிஞ்சி எடுக்கும். ஆள் இறங்குவதைப் பார்த்தால் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள்.

குப்பைக்கும் இதே கதைதான். 2025 ஆகஸ்ட்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் வேலையைத் தனியாரிடம் கொடுப்பதை எதிர்த்து மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் இரண்டு வாரத்துக்குக் கிட்டத்தட்ட தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நள்ளிரவில் அப்புறப்படுத்தினார்கள். தெரு சுத்தமாக இருக்க வேண்டும் என்று கேட்பவர்கள் அதைக் கூட்டுபவரின் சம்பளத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

மட்டப்பலகை

தனியாரா நிரந்தரமா என்பதில் எனக்குக் கருத்து வேறு. ஒப்பந்தத்தில் எடை, வண்டி, ஆள் கணக்கு சரியாக எழுதி அபராதமும் போட்டால் தனியாரும் வேலை செய்வார்கள்.

காலைஷிப்ட்

அபராதம் போட்டால் நிறுவனம் அதை யார் சம்பளத்தில் பிடிக்கும் தோழர்? அதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள், பிறகு பேசலாம்.

மட்டப்பலகை

நியாயம். அது இல்லாத ஒப்பந்தம் அரை ஒப்பந்தம்தான்.

சாலைக்கு வருகிறேன். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டால் ஒவ்வொரு முறையும் 4 செ.மீ. உயரும். மூன்று முறை போட்டால் 12 செ.மீ., வாசல்படியில் ஒரு படி காணாமல் போகும். 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தளம் போட வேண்டும் என்று எழுத்தில் உத்தரவிட்டார். மில்லிங் என்று சைட்டில் சொல்வது அதைத்தான். ஆனால் எவ்வளவு ஆழம் சுரண்டினார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. மேலோட்டமாகக் கீறிவிட்டு மில்லிங் என்று பில் போடலாம்.

வேலை தொடங்குவதற்கு முன் காம்பவுண்டுச் சுவரில் சாலையிலிருந்து சரியாக 30 செ.மீ. உயரத்தில் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள், தெரு முழுக்க நாலைந்து இடத்தில். தேதியோடு போட்டோ. வேலை முடிந்ததும் கோட்டிலிருந்து அளங்கள். 30 இருந்தால் சுரண்டியதும் போட்டதும் சமம். 26 ஆகியிருந்தால் சுரண்டவே இல்லை.

தார் போடும் நாளில் பார்க்க வேண்டியவை சில. தளத்தில் தூசியை ஊதிச் சுத்தம் செய்த பிறகு ஒட்டுப்பூச்சு அடிக்க வேண்டும், சதுர மீட்டருக்கு 0.2 முதல் 0.3 கிலோ எமல்ஷன், அதாவது தண்ணீரில் கலந்த தார். பழுப்பாக இருப்பது கறுப்பாக மாறும் வரை காத்திருக்க வேண்டும். தூசி மேல் அடித்தால் முதல் மழையிலேயே அடை அடையாகப் பெயரும். வி.ஜி.-30 என்ற வகைத் தாரில் செய்த கலவை விரிக்கும்போது 140 டிகிரிக்குக் குறையக் கூடாது, 90 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் ரோலர் ஓடி முடிந்திருக்க வேண்டும். லாரி டிராபிக்கில் நின்று ஆறிய கலவை எத்தனை தடவை ரோலர் ஓடினாலும் இறுகாது. சல்லி உதிர்ந்துகொண்டே இருக்கும். பொறியாளரிடம் தெர்மாமீட்டர் கேட்பதில் தப்பே இல்லை.

எடையும் கணக்குப் போடலாம். 150 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 4 செ.மீ. கனம். 24 கன மீட்டர். இறுகிய கலவை கன மீட்டருக்கு 2.3 டன் என்று வைத்தால் 55 டன். 3 செ.மீ. போட்டால் 41 டன். இந்த 14 டன் வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, எடைச் சீட்டுகளைக் கூட்டினால் தெரிந்துவிடும்.

வார்டுவாசி

எடைச் சீட்டை நமக்கு யார் தருவார்கள்?

பத்துரூபாய்வில்லை

தகவல் உரிமைச் சட்டம் 2005. இங்கே பலர் தோற்பது கேள்வி கேட்கும் விதத்தில்தான். ‘ஏன் இப்படிச் செய்தீர்கள்’, ‘எப்போது சரி செய்வீர்கள்’ என்று கேட்டால் ‘தகவல் என்ற வரையறைக்குள் வராது’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். கோப்பில் இருக்கும் தாளைத்தான் கேட்க வேண்டும். இப்படி எழுதுங்கள்:

‘... மண்டலம், ... வார்டு, ... தெருவில் ... முதல் ... வரை ... ஆண்டில் செய்யப்பட்ட சாலைப் பணி தொடர்பாக: மதிப்பீட்டின் நகல், பணி ஆணையின் நகல், அளவுப் புத்தகத்தில் இப்பணிக்குரிய பக்கங்களின் நகல், சுரண்டப்பட்ட பரப்பும் ஆழமும் பதிவான பக்கத்தின் நகல், தார் கலவையின் எடைச் சீட்டுகள், தரப் பரிசோதனை அறிக்கைகள், இறுதிப் பட்டியலின் நகல், ஒப்பந்ததாரரின் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும் தேதியைக் காட்டும் ஆவணத்தின் நகல்.’

அளவுப் புத்தகம் என்பது செய்த வேலையின் அளவைப் பொறியாளர் பதியும் ஏடு. குறைபாட்டுப் பொறுப்புக் காலம் என்பது பழுதானால் ஒப்பந்ததாரரே சரி செய்து தர வேண்டிய காலம். வடிகாலுக்கு இதோடு நீளவாட்டு மட்ட வரைபடத்தையும், அது எந்தக் கால்வாயில் சேர்கிறது என்பதைக் காட்டும் வரைபடத்தையும் சேருங்கள். ஒரு மனுவில் ஒரு தெரு, ஒரு வேலை. ‘கடந்த பத்து ஆண்டுகளாக மண்டலம் முழுவதும்’ என்று கேட்டால் தொகுக்க ஆள் இல்லை என்று சொல்ல வழி கொடுத்துவிடுகிறீர்கள்.

அதிகாரியின் பெயர் வேண்டாம், ‘பொதுத் தகவல் அலுவலர்’ என்று போதும். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதையும் பட்டுவாடா ஆன பக்கத்தையும் சேமித்து வையுங்கள். வேறு துறைக்குரியது என்றால் 6(3) பிரிவின்படி அவர்களே ஐந்து நாளில் அங்கே அனுப்ப வேண்டும். ‘எங்களுடையது இல்லை’ என்று திருப்பி அனுப்ப முடியாது. வார்டுவாசி முதலில் சொன்ன பந்தாட்டத்துக்கு எழுத்தில் முடிவு வருவது இந்தப் பிரிவில்தான்.

30 நாள். பதில் வராவிட்டால் அதுவே மறுப்பு. அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. அதற்கும் பலன் இல்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். அங்கே வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன, உண்மைதான். ஆனாலும் தாமதத்துக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை அலுவலரின் சொந்தப் பணத்தில் அபராதம் என்ற 20-ஆம் பிரிவு இருப்பதால் பெரும்பாலும் முதல் மேல்முறையீட்டிலேயே ஏதாவது வரும்.

பலர் பயன்படுத்தாத ஒன்று 2(j). நகல் கேட்காமல் கோப்பை நேரில் பார்வையிடவும், வேலையையே ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியை எடுக்கவும் அதில் உரிமை இருக்கிறது. தமிழ்நாட்டில் பார்வையிட முதல் ஒரு மணி நேரம் கட்டணம் இல்லை. அளவுப் புத்தகத்தை நேரில் பார்ப்பது போல எதுவும் வராது. பென்சில் திருத்தம், மேலெழுதிய எண், ஒரே கையெழுத்தில் ஒரே மையில் பத்து நாள் பதிவுகள், இதெல்லாம் நகலில் சரியாகத் தெரியாது.

நகர்மன்றம்

அரசியல் பக்கத்தையும் பேச வேண்டும். நகராட்சிகளுக்கான 74-வது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஜூன் முதல் அமலில் இருக்கிறது. பதவிக்காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்திருக்க வேண்டும் என்பது அதன் 243 யு பிரிவு. சென்னையில் 2016 அக்டோபரில் மன்றம் முடிந்தது, அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19. ஐந்து ஆண்டுக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. மக்கள் பிரதிநிதியே இல்லாத அந்தக் காலத்தில் போட்ட ஒப்பந்தங்களைத்தான் இன்றும் பலர் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். தேர்தல் வந்தபோது சென்னையில் வாக்குப்பதிவு 45 சதவீதத்தைக்கூட எட்டவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கவுன்சிலரிடம் எதிர்பார்க்கக்கூடியதும் கூடாததும் இருக்கிறது. ஆணையர் மாநில அரசு நியமிக்கும் ஐ.ஏ.எஸ். அதிகாரி. உதவிப் பொறியாளரை மாற்றவோ பில்லை நிறுத்தவோ கவுன்சிலரால் முடியாது. மெட்ரோ வாட்டர், மின்வாரியம், நீர்வளத் துறை எதுவும் மன்றத்துக்குக் கட்டுப்பட்டவை இல்லை. ஆனால் அவரால் மன்றத்தில் கேள்வி எழுப்ப முடியும், மண்டலக் குழுவில் வேலையைப் பட்டியலில் சேர்க்க முடியும், வார்டு மேம்பாட்டு நிதியை ஒதுக்க முடியும். ‘ஏ.இ.கிட்ட சொல்லியாச்சு’ என்ற பதிலுக்கு அடுத்த கேள்வி, ‘மண்டலக் குழுவில் எந்தத் தேதியில் வைத்தீர்கள்?’

வார்டு குழு, பகுதி சபை விதிகள் 2022-இல் வந்தன. சென்னையில் ஒரு வார்டுக்குப் பத்துப் பகுதிகள், மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது சபை கூட வேண்டும். 2022 நவம்பர் 1 அன்று தமிழ்நாடு முழுவதும் முதல் முறையாகக் கூட்டினார்கள். கிராம சபைக்கு நிகரானது நகரத்துக்கு வந்ததே பெரிய விஷயம். குறை என்னவென்றால் பகுதி சபைப் பிரதிநிதியை அந்தப் பகுதி வாக்காளர்கள் தேர்ந்தெடுப்பதில்லை, நியமனம்தான். ஆளுங்கட்சி வட்டச் செயலாளரின் ஆட்களே வந்து உட்காரும் ஆபத்து அதில் இருக்கிறது.

வார்டுவாசி

கூட்டம் நடப்பதே தெரியாமல் நடத்தி முடித்துவிடுகிறார்கள் என்பதுதான் பல வார்டுகளில் குறை.

நகர்மன்றம்

அறிவிப்பு, வருகைப் பதிவு, நடவடிக்கைக் குறிப்பு மூன்றின் நகலையும் தகவல் உரிமையில் கேளுங்கள். நடத்தியிருந்தால் தருவார்கள், இல்லாவிட்டால் இல்லை என்று எழுத்தில் வரும். அதை ஆணையருக்கு அனுப்புங்கள். கூட்டத்துக்குப் போகும்போது வாயால் மட்டும் சொல்லாதீர்கள். ஒரு பக்கத் தாள்: இடம், டியூப் லெவல் அளவு, போட்டோ, கேட்கும் வேலை. நடவடிக்கைக் குறிப்பில் எண்ணிட்டுப் பதியச் சொல்லி, பதிந்ததைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். குறிப்பில் ஏறாத பேச்சுக்கு அடுத்த கூட்டத்தில் உயிர் கிடையாது.

வார்டுவாசி

ஒரு பயம் பலருக்கும் இருக்கிறது. மனு போட்ட மறுநாளே ஒப்பந்ததாரரின் ஆட்கள் வீட்டுக்கு வந்து நிற்கிறார்கள் என்கிறார்கள். அதற்கு என்ன வழி?

பத்துரூபாய்வில்லை

பயம் நியாயமானது, அலட்சியப்படுத்தக் கூடாது. 6(2) பிரிவின்படி காரணம் கேட்கக் கூடாது, தொடர்புக்குத் தேவையானதைத் தவிர வேறு சொந்த விவரமும் கேட்கக் கூடாது. தபால் பெட்டி எண் கொடுத்தாலே போதும் என்று 2013-இல் கொல்கத்தா உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தீர்ப்பைக் குறிப்பிட்டு எழுதலாம். செல்போன் எண்ணை எழுதவே வேண்டாம். அதைவிட நல்லது, ஒரே மனுவை வெவ்வேறு தெருவில் இருக்கும் நாலு பேர் தனித்தனியாக, தங்கள் பெயரில் அனுப்புவது. ஒருவரை மட்டும் குறிவைக்க முடியாது. சங்கத்தின் பெயரில் போடாதீர்கள், உரிமை குடிமக்களுக்கு என்று சட்டம் சொல்வதால் சங்கத்தின் மனுவைத் திருப்பி அனுப்ப வாய்ப்பு இருக்கிறது. தலைவர் தன் சொந்தப் பெயரில் போடலாம்.

மட்டப்பலகை

காலம் ரொம்ப முக்கியம். அக்டோபரில் மழை தொடங்கிய பிறகு கேட்டால் சாலை வெட்டவே அனுமதி இருக்காது. நிற்கும் தண்ணீரின் உயரத்தை நவம்பரில், டிசம்பரில் அளந்து போட்டோ எடுங்கள். மழை விட்டதும் டியூப் லெவல். ஜனவரியில் மனு. பிப்ரவரி, மார்ச்சில் மாநகராட்சி பட்ஜெட் வரும் முன் பகுதி சபைக் குறிப்போடு கவுன்சிலரிடமும் மண்டல செயற்பொறியாளரிடமும் கொடுங்கள். விடுபட்ட இணைப்பு 20, 30 மீட்டராக இருந்தால் ஜூன், ஜூலைக்குள் கட்டி முடிக்கக்கூடிய வேலைதான். கான்கிரீட் போட்ட பிறகு ஏழு நாளாவது தண்ணீர் ஊற்றுகிறார்களா என்று அங்கேயே குடியிருப்பவர்கள்தான் பார்க்க முடியும்.

வார்டுவாசி

இரண்டு மாதிரி மனுக்களையும் சாலைக்கு ஒன்று, வடிகாலுக்கு ஒன்று என்று தனியாகத் தட்டச்சு செய்து இந்த இழையிலேயே போடுகிறேன். மண்டலம், வார்டு, தெரு மூன்றையும் நிரப்பினால் போதும். பதில் வந்தவர்கள் பெயரையும் முகவரியையும் மறைத்துவிட்டு அளவுப் புத்தகப் பக்கத்தை இங்கே போடுங்கள், மட்டப்பலகை சார் பார்த்துச் சொல்லட்டும்.